ரொறொன்ரோவில் தோற்றுத் திரும்பிய ஞாயிறு

ஏழாவது இன்னிங்ஸ் முடியும்வரை எங்கள் மொன்றியல் பேஸ்போல் அணி மூன்று ஓட்டங்கள் முன்னால் நின்றது. எட்டாவதில் எல்லாம் கொட்டுண்டு போயிற்று. நன்றாக எறிந்துகொண்டிருந்த பையனை மனேஜர் வெளியே எடுத்தார். உள்ளே வந்தவன் எறிந்த முதல் பந்தே மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. அதன் பிறகு ஒரு பிடி தவறியது, ஒரு எறி ஆளில்லாத பக்கம் போனது. எங்களைச் சுற்றியிருந்த ரொறொன்ரோக்காரர்கள் எழும்பி நின்று கத்தியதில் எனக்கு மைதானமே தெரியவில்லை.

நாங்கள் நாலு பேர் அன்று விடியவே மொன்றியலிலிருந்து வெளிக்கிட்டு வந்திருந்தோம். நானும் என் கணவரும். மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த, ராக்சி ஓட்டுகிற அண்ணையும் அவருடைய மனைவி அக்காவும். அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். சொந்தமில்லை. ஆனால் கனடாவில் நான் முதன்முதல் சாப்பிட்ட கறிச்சோறு அக்காவின் கையால் போட்டது. எங்கள் பிள்ளைகள் இருவரையும் ரொக்ஸ்பரோவில் என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம்.

தமிழருக்கு என்ன பேஸ்போல் என்று பலர் சிரிப்பார்கள். அந்த நாட்களில் மொன்றியல் ஸ்ரேடியம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ரிக்கற் மலிவு, மெத்ரோ வாசலிலேயே கொண்டுபோய் இறக்கும், பிள்ளைகள் கதிரைகளுக்கிடையே ஓடித் திரியலாம். அப்படித்தான் போகத் தொடங்கினோம். கிரிக்கெற் பார்த்த கண்ணுக்கு முதலில் பிடிபடவில்லை. இரண்டு கோடை போனபின் அண்ணை ரேடியோவில் ஆட்டம் கேட்காமல் ராக்சி எடுப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். அணி ஊரைவிட்டுப் போகப்போகிறது என்ற கதை அப்போது எங்கும் அடிபட்டது. அதற்கு உள்ளூரில் ஒரு முதலாளி இல்லை. மற்ற அணிகளின் முதலாளிமார் எல்லோரும் சேர்ந்துதான் அதை வைத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தோல்வியிலும் அண்ணைக்கு ஒரு சதி தெரியும்.

அன்றும் அவருடைய வான் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

“இது சும்மா தோத்ததில்லை. தோக்கச் சொல்லியிருக்கினம். நல்லா எறியிறவனை ஏன் எடுக்க வேணும்? சொல்லு தம்பி, ஏன் எடுக்க வேணும்?”

முன்சீற்றில் இருந்த என் கணவர், “கை களைச்சிருக்கும் அண்ணை” என்றார்.

“களைச்சவன் அப்பிடியே எறிவான்? நீ பாத்தனிதானே!”

பின்சீற்றில் என் பக்கத்தில் இருந்த அக்கா, மடியில் செபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி எங்க பாத்தவர்? அவர் அந்த நேரம் இருக்கேல்லையே. அவர் எழும்பிப் போகேக்க நாங்கள் முன்னுக்கு. திரும்பி வரேக்க எல்லாம் முடிஞ்சுது. மனேஜரைப் பேசாதேங்கோ, தம்பியைப் பேசுங்கோ.”

பகிடியாகத்தான் சொன்னார். அண்ணையும் சிரித்தார். “அட, அதுதானே! எங்கயடாப்பா போனனி?”

“உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கப் போனனான்.”

“பொரியல் எங்க?” என்றார் அக்கா.

“வரிசை நீளம். விட்டிட்டு வந்திட்டன்.”

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பகிடி விடுகிறவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

அப்போதுதான் என் தலைக்குள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. இந்தப் பயணத்தைக் கேட்டது என் கணவர்தான். வீட்டில் ரிவி இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று சொல்கிற மனிதர், இந்த முறை தானே போய் அண்ணையிடம் பேசி ரிக்கற் எடுப்பித்தார். காலையில் தோல் சப்பாத்து போட்டார். “பேஸ்போலுக்கு உதென்னத்துக்கு?” என்று கேட்டதற்கு, மற்றது கடிக்கிறது என்றார். மைதானத்தில் எழும்பிப் போகும்போது அணியின் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். வெயில் முகத்தில் அடிக்கிற நேரத்தில் யாராவது தொப்பியைக் கழற்றுவார்களா?

பின்னாலிருந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புதிதாக வெட்டிய தலைமயிர். ரொறொன்ரோவில் அவரோடு படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை. அண்ணை மனேஜரைத் திட்டத் திட்ட, நான் உள்ளே என்பாட்டுக்கு ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன்.

கிங்ஸ்ரனுக்குக் கிட்ட ஒரு தரிப்பிடத்தில் வானை நிறுத்தினோம். பொழுது இன்னும் பட்டிருக்கவில்லை. அண்ணை பெற்றோல் அடிக்கப் போனார். நானும் அக்காவும் கோப்பிக்கு வரிசையில் நின்றோம். அக்கா முன்னால் நின்றவர்களைப் பார்த்தபடி, என்னைப் பாராமலே சொன்னார்:

“தங்கச்சி, நான் மைதானத்தில வோஷ்ரூமுக்குப் போகேக்க தம்பியைக் கண்டனான். வாசல் பக்கம் ஒரு ஆளோட கதைச்சுக்கொண்டு நிண்டவர். தமிழ் ஆள்தான். ரை கட்டியிருந்தது.”

“ஆம்பிளையோ?” என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஓம், ஆம்பிளைதான். நீ என்னத்தை நினைச்சனி?”

நெஞ்சுக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அதே இடத்தில் வேறொன்று ஏறியது. ஒரு ஆணோடு கதைத்ததை ஏன் ஒளிக்க வேண்டும்?

“வானுக்குள்ள நான் கேட்டது அதுக்குத்தான்” என்றார் அக்கா. “தானாச் சொல்லுவார் எண்டு பாத்தன். சொல்லேல்லை.”

கணவர் வெளியே வானில் சாய்ந்து நின்றார். கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். “ஆரப்பா அந்த ரை கட்டின ஆள்?”

மறுக்கவில்லை. கோப்பி மூடியைத் திறந்தார், மூடினார். “வீட்டை போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

“இப்ப சொல்லுங்கோ.”

ரொறொன்ரோவில் ஒரு பெரிய களஞ்சியம். அதில் ஆட்களை எடுக்கிறவர் அந்த மனிதர். என் கணவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வருவேன், அங்கேயே சந்திப்போம் என்று சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் வேலை. அநேகமாகக் கிடைத்த மாதிரித்தான், இரண்டு கிழமைக்குள் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

“எனக்குச் சொல்லாமல்?”

“சொன்னா நீர் வேண்டாம் எண்டிருப்பீர்.”

அது உண்மை. நான் லாசாலில் ஒரு கார்டெறியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதற்காகவே பிரெஞ்சு படித்திருந்தேன். பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில். நாங்கள் இங்கே வேர் விட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“உங்களுக்கு இஞ்ச சரி. எனக்கு என்ன இருக்கு? டோர்வலில எனக்குப் பிந்தி வந்தவன் எனக்கு மேல நிக்கிறான். அவங்கள் தங்களுக்குள்ள கதைக்கேக்க ஒண்டும் விளங்குறேல்லை. விளங்கினமாதிரித் தலையாட்டிப்போட்டு, என்ன சொல்லியிருப்பாங்கள் எண்டு நாள் முழுக்க யோசிக்கிறன். வீட்டை வந்தா பிள்ளையளும் அப்பிடித்தான். எனக்கு முன்னால பிரெஞ்சில கதைச்சுச் சிரிக்குதுகள். என்னைப் பற்றித்தான் சிரிக்குதுகளோ எண்டு நினைக்கிறன்.”

அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். முதுகு வலி பற்றிச் சொல்வார், குளிர் பற்றிச் சொல்வார். இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. “பிள்ளையளை அப்பிடியோ நினைக்கிறீங்கள்?” என்று மட்டும் கேட்டேன்.

பெற்றோல் அடித்துவிட்டு வந்த அண்ணையின் காதில் கடைசிப் பகுதி விழுந்திருக்க வேண்டும். வான் ஓடத் தொடங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்.

“தம்பி ரொறொன்ரோவுக்குப் போற பிளானோ?”

“இன்னும் முடிவில்லை அண்ணை.”

“என்ர வானில, என்ர பெற்றோலில, இன்ரர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். எனக்கே தெரியாமல்.”

“அண்ணை, அப்பிடி இல்லை...”

“அப்ப நாங்கள் தோக்கேக்க நீ ஆருக்குக் கை தட்டினனி?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்பது கண்ணாடியில் தெரிந்த அவருடைய கண்களில் தெரிந்தது. மனேஜரையும் முதலாளிமாரையும் திட்டியபோதுகூட அந்தக் குரலில் ஒரு விளையாட்டு இருந்தது. இப்போது இல்லை. அக்கா, “விடுங்கோ, ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ” என்றார். அதன் பிறகு லாசால் வரும்வரை ரேடியோ மட்டும்தான் கதைத்தது. அதிலும் அதே ஆட்டம்தான். யாரோ ஒருவர் பிரெஞ்சில் மனேஜரைக் கிழித்துக்கொண்டிருந்தார். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

அந்தக் கிழமை இரவுச் சாப்பாட்டில் பிள்ளைகள் வழக்கம்போல ஏதோ பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார்கள். கணவர் கரண்டியை வைத்துவிட்டு, “என்ன பகிடி? எனக்கும் சொல்லுங்கோவன்” என்றார். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மகள் கொஞ்சம் திகைத்துப்போனாள். “எங்கட ரீச்சர் தும்மேக்க அவவின்ர கண்ணாடி மீன்தொட்டிக்குள்ள விழுந்திட்டுது அப்பா.” அவர் சிரித்தார், உண்மையாகவே சிரித்தார். மகன் கதிரையில் ஏறி நின்று ரீச்சர் தும்மியதை நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“உண்மையா அதைத்தான் சொன்னவையோ?”

“ஓம்.”

“மீன்தொட்டியோ?”

“ஓமப்பா, மீன்தொட்டிதான்.”

என்னை ஒருதரம் பார்த்தார். நானும் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டேனோ என்று பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வை எனக்கு வலித்தது. ஆனால் வானுக்குள் அவருடைய கழுத்தைப் பார்த்து நான் யோசித்தவை அதைவிட மோசமானவை.

ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி வரவில்லை. மூன்றாவது கிழமை கணவரே எடுத்தார். அந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று மறுமுனையில் சுருக்கமாகச் சொன்னார்கள். அவருடைய பள்ளித்தோழர் லைனுக்கே வரவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் குற்றவாளி தேடுகிற வேலை தொடங்கியது. முதலில் நான். அவர் வேலையில் இருந்தபோது தொலைபேசி வந்து, நான் சொல்லாமல் விட்டேனோ என்று சுற்றிவளைத்துக் கேட்டார். அப்படி ஒன்றும் வரவில்லை என்று சாமி அறையில் நின்று சொன்னேன். பிறகு தன்னையே குறை சொன்னார். முதுகு வலியைப் பற்றி அந்த ஆளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். கடைசியில் அண்ணையிடம் வந்து நின்றார். அண்ணையின் மருமகன் முறையான ஒருவர் அதே களஞ்சியத்தில் வேலை செய்கிறார் என்று எங்கோ கேள்விப்பட்டுவிட்டார்.

“அவர்தான் போன் எடுத்துக் குழப்பியிருப்பார். வானுக்குள்ள கேட்ட கேள்வியை மறந்திட்டீரோ?”

“சும்மா ஆக்களில பழி போடாதேங்கோ” என்றேன். ஆனால் அடுத்தநாள் மாடிப்படியில் அண்ணையைக் கண்டபோது, நான் வணக்கம் சொல்லுமுன் அவருடைய முகத்தை ஒருமுறை துருவிப் பார்த்தேன். அவரும் என்னைப் பாராமல் இறங்கிப் போனார். குற்றமுள்ளவர் அப்படித்தான் போவார். கோபமுள்ளவரும் அப்படித்தான் போவார்.

அந்த இலையுதிர்காலமும் பனிக்காலமும் இரண்டு வீட்டு ஆண்களும் கதைக்கவில்லை. நானும் அக்காவும் கட்டடத்து நிலவறையில் உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் கதைத்தோம். அடுத்த கோடையில் அண்ணை ஒருநாள் கதவைத் தட்டி, “தம்பி, கடைசி வருசமாம். வாறியே?” என்று கேட்டார். கணவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு உடனே இறங்கினார். இருவரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து தோற்றார்கள், மனேஜரைத் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். களஞ்சியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அணி ஊரைவிட்டுப் போனது. நாங்கள் லாசாலிலேயே இருந்தோம். கணவர் ஒரு பனிக்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தார். இன்றும் அதை யாழ்ப்பாணத் தமிழ்போலத்தான் பேசுவார்.

பல வருடம் கழித்து, அண்ணைக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்து அவர் வீட்டில் படுத்திருந்த நாட்களில், அக்காவுக்கு உதவியாக நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தானாகவே அந்தக் களஞ்சிய வேலைக் கதையை எடுத்தார்.

“இவர் அண்டைக்கு ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்தவர்தான். மருமகனிட்ட.”

“என்னத்துக்கு அக்கா?”

“நல்லாத்தான் சொன்னவராம். பெடியன் நேர்மையானவன், கடும் உழைப்பாளி எண்டு. மருமகன் அதை ஆரிட்டச் சொன்னவன், எப்பிடிச் சொன்னவன் எண்டு எங்களுக்குத் தெரியாது.”

“நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டனீங்களோ?”

“இல்லை. பேந்து அவர்தான் சொன்னவர்.”

அறைக்குள் அண்ணை இருமுவது கேட்டது. நான் மீனைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னதை நம்பப் பார்த்தேன். பாதிக்குமேல் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிரவு கணவரிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“நல்லாச் சொன்னவர் எண்டா, இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றார்.

அடுத்தநாள் காலையில் அவர் தோடம்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு அண்ணையைப் பார்க்கப் போனார். அந்தப் போனைப் பற்றிக் கேட்டாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.