டிரம்ஸ்காரி எழுதிய நீண்ட சத்தம்

என் மனைவிக்கு 'இடி' என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. அவன் பாடகன். அக்காவும் தம்பியும் இன்னும் இருவருமாகச் சேர்ந்து நடத்திய ராக் குழுவில் அவள் டிரம்ஸ் வாசித்தாள். நான் 'வாசித்தாள்' என்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'அடிக்கிறாள்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு கோவம் வந்தா உன்னையும் அப்படித்தான் அடிக்குமாடா?" என்று கேட்டாள். இன்றுவரை அடித்ததில்லை. எல்லாம் கடவுள் புண்ணியம்.

நான் ரொட்டி வேன் ஓட்டுகிறேன். காலையில் கடை கடையாக ரொட்டி இறக்குவேன். சாயங்காலம் அதே வேனில் அவளுடைய டிரம்ஸை ஏற்றுவேன். டிரம்ஸோடு சேர்ந்த பித்தளைத் தட்டுகளில்கூட ரொட்டி வாசனை ஏறிவிட்டது. "மாமா, அடுத்த கச்சேரிக்கு ஜாமும் கொண்டு வாங்க, தடவிட்டு வாசிக்கலாம்" என்பான் மச்சினன். இப்படியே இருபது வருஷம் ஓடியது. டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு மேடையில் எப்போதும் கடைசி இடம். கூட்டம் பாடகனின் முகத்தைப் பார்க்கும், இவள் அவன் முதுகைப் பார்ப்பாள். அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் அடித்தால்தான் மற்றவர்கள் நகர முடியும் என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஈரக் கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். நான் துள்ளிவிட்டேன்.

"கேட்டீங்களா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும்."

"இப்ப கேக்குதா?"

"இல்ல."

"அதான். நான் அடிக்கிற சத்தமெல்லாம் பொறந்த உடனே செத்துப்போகுது. ஒண்ணு போனதும் இன்னொண்ணு, அது போனதும் இன்னொண்ணு. எனக்கு நீளமா நிக்கிற சத்தம் வேணுங்க. வச்ச எடத்துல நிக்கணும்."

அவளுக்குப் பசிக்கிறதோ என்று நினைத்தேன். சில பேருக்குப் பசி வந்தால் பேச்சு மாறும். ஆனால் அடுத்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்து, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதப் படிக்க ஆரம்பித்தாள். வயலின், செல்லோ, புல்லாங்குழல், கொம்பு வாத்தியம் என்று கறுப்பு உடை போட்ட ஒரு பட்டாளமே உட்கார்ந்து வாசிக்குமே, அந்த ஆர்கெஸ்ட்ரா. சமையலறை மேசையில் ஐந்து கோடு போட்ட தாள்கள் வந்து குவிந்தன. சாப்பாட்டு நேரத்தில் அவற்றை நகர்த்தி வைப்பது என் வேலையாயிற்று. என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் புரியாது. கம்பியில் குருவிகள் உட்கார்ந்தது போல அழகாக இருக்கும்.

மச்சினனுக்குத்தான் தாங்கவில்லை. "சிங்கம் போய் புல்லு மேயுற மாதிரி இருக்குக்கா" என்றான்.

"வயிறு சரியில்லன்னா சிங்கமும் புல்லுதான்டா திங்கும். உன் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு கெட்டுப்போச்சு."

எழுதி முடிக்க ரொம்ப நாள் பிடித்தது. முடித்ததை ஊர்ப் பெரிய இசை மன்றத்தின் ஆர்கெஸ்ட்ராவுக்கு அனுப்பினாள். கண்டக்டர் படித்துவிட்டுத் தானே வீட்டுக்கு வந்தார். கையில் சின்னக் கோலை வைத்து எல்லோரையும் வாசிக்க வைக்கிறவருக்குக் கண்டக்டர் என்று பெயர். "டிரைவர் வீட்டுக்குக் கண்டக்டர் வந்தா வண்டி நேரத்துக்குப் போயிடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டார். "இதை நாங்க வாசிக்கிறோம்" என்றார். என் மனைவி எழுந்து அடுப்பை அணைத்தாள். அதில் ஒன்றும் இல்லை, அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

மேனேஜரிடம் போனபோதுதான் சிக்கல் முளைத்தது. மன்றத்தை நடத்துகிறவர் அவர். அறை முழுக்கப் பழைய நிகழ்ச்சிகளின் படங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அமுங்கி உள்ளே போய்விடுவோம், மேலே பார்த்துத்தான் பேச வேண்டும். அவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல உங்க டிரம்ஸ் எங்க வருது மேடம்?"

"வரல."

"கடைசியிலயா?"

"எங்கயும் இல்ல."

"அப்ப நீங்க மேடையில என்ன செய்வீங்க?"

"நான் ஏன் மேடைக்கு வரணும்? கீழ உக்காந்து கேப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், டிக்கெட் வாங்கறது உங்க ராக் ரசிகருங்க. மீன் கடைக்கு வர்றவங்ககிட்ட பூ விக்க முடியாது."

"விக்க வேணாம் சார். பக்கத்துல வச்சிருங்க. புடிச்சவங்க மோந்து பாக்கட்டும்."

அவர் தாள்களை மூடி வைத்துவிட்டு நிகழ்ச்சிக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். இனி சிக்கல் இல்லை என்று நான் நினைத்தேன்.

ஒத்திகை ஆரம்பமானது. நீளமான செங்கல் கட்டடம், உயரத்தில் ஜன்னல், வரிசை வரிசையாக இரும்பு நாற்காலி. நான் கடைசியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மனசுக்குள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு புல்லாங்குழல் வாசிக்கிற பெண் முகம் சிவந்து கையைத் தூக்கினாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்த ரெண்டு பக்கத்துல நான் எங்க மூச்சு விடறது?"

என் மனைவி எழுந்து போய்த் தாளைப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். இடைவெளியே இல்லாமல் எழுதி வைத்திருந்தாள். டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு மூச்சு ஒரு கணக்கே இல்லையே. அடித்துக்கொண்டே மூச்சும் விடலாம், திட்டவும் செய்யலாம்.

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா. உன்னைக் கொல்லப் பாத்திருக்கேன்."

வயலின்காரர்கள் வில்லால் தாள் வைக்கும் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம். இவளும் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, பாதியைப் பக்கத்தில் இருந்த இன்னொரு குழல்காரிக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தாள். ஒருத்தி விடுகிற இடத்தில் மற்றவள் பிடிக்க வேண்டும். கண்டக்டர் கோலால் தோளைச் சொறிந்துகொண்டே, "அப்படியே ஒரு டிரம்ஸையும் சேத்து எழுதிட்டீங்கன்னா மேனேஜரும் மூச்சு விடுவாரு" என்றார்.

"அவருக்கு மூச்சு முட்டினா வெளிய போய் காத்து வாங்கச் சொல்லுங்க."

ஒத்திகை முடிந்து திரும்பும்போது தெருமுனையில் போஸ்டரைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் தூக்கி டிரம்ஸின் மேல் பாயப்போகிற பழைய படம். கீழே, 'இடி மறுபடி முழங்குகிறது'. வேனை ஓரம் கட்டினேன். அவள் இறங்கி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். "பொய் சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அன்றே மச்சினன் வந்தான். மேனேஜர் அவனிடம் பேசியிருக்கிறார் என்பது அவன் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, அஞ்சே நிமிஷம். எல்லாம் முடிஞ்சப்புறம் ஏறி அடிச்சிட்டு எறங்கிடு. நம்ம ஆளுங்க சந்தோஷமாப் போவாங்க. இல்லன்னா குழுவோட பேரு கெட்டுடும். நாளைக்கு நான் பாட வேணாமா?"

"பாடு. யாரு உன் வாயைப் பொத்தினா?"

"உன்னைப் பாத்துத்தான்கா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?"

அவன் பாவம், உண்மையாகவே பயந்திருந்தான். எனக்கும் மனசு இளகியது. "அஞ்சு நிமிஷம்தானேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "நீங்க கண்ணை மூடி சாமிகிட்ட பேசிட்டு இருக்கறப்ப நான் வந்து அஞ்சே நிமிஷம் டிரம்ஸ் அடிச்சா சரியா இருக்குமா?"

நான் எழுந்து மேசைத் தாள்களை நகர்த்தி மச்சினனுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்தேன்.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் பின்வாசல் வழியாகப் போனோம். திரை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால், மேடையின் முன்னால், ஆர்கெஸ்ட்ரா நாற்காலிகளை எல்லாம் மறைத்துக்கொண்டு அவளுடைய டிரம்ஸ் நின்றது. வேறு யாருடையதும் அல்ல, அவளுடையதேதான். மேலே தனி விளக்கு வேறு. குழுவின் சாமான் அறைச் சாவி மச்சினனிடம் இருந்தது. என் வேனில் ஏறாமல் அது ஓர் இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

மேனேஜர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "வாசிக்க வேணாம் மேடம். சும்மா நிக்கட்டும். அதைப் பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்க."

"மிட்டாயைக் காட்டி உக்கார வைக்கிற வேலை என்கிட்ட வேணாம் சார். எடுத்துடுங்க."

"கூட்டம் உள்ள வந்தாச்சு. இனிமே மேடை ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. நான் சொன்னாத்தான் வைப்பாங்க."

"எடுத்தா கத்துவாங்கக்கா" என்றான் மச்சினன்.

"நம்ம கூட்டம் என்னைக்குடா கத்தாம இருந்துச்சு?" என்றவள் என்னைப் பார்த்தாள். "ஏங்க, வாங்க."

மேடையில் விளக்கு எரியும்போது நான் அதில் கால் வைத்ததே இல்லை. எல்லோரும் போன பிறகு சாமான் தூக்கத்தான் ஏறுவேன். கடவுளே என்று சொல்லிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அவளைக் கண்டதும் மன்றமே அதிர்ந்தது. "இடி! இடி!" என்று விசில், காலால் தரையில் உதை. அவள் குனிந்து முதல் தட்டின் திருகைக் கழற்றினாள். தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தேன். திரும்பி வருவதற்குள் இரண்டாவது தட்டு தயார்.

முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். ஸ்டாண்டுகளை மடக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமா. உன் வீட்டுலயா வச்சிக்கப்போறே?"

அதற்கும் சிரிப்பு. ஆனால் பின்வரிசையிலிருந்து, "காசு குடுத்து வந்திருக்கோம்! ஒரு தடவை அடிச்சிட்டுப் போ!" என்று குரல் வந்தது. அது பரவியது. அடி, அடி என்று நூறு வாய். அவள் நிமிர்ந்தாள். மைக் இல்லை. அவள் குரலுக்கு மைக் எதற்கு?

"போஸ்டர்ல போட்டது பொய். நான் போடச் சொல்லல. இன்னைக்கு நான் எழுதினதை இவங்க வாசிக்கப் போறாங்க. அதுல டிரம்ஸ் கெடையாது. புடிக்காதவங்களுக்குக் கதவு தொறந்துதான் இருக்கு. காசை அந்தா நிக்கிறாரே, அவர்கிட்ட கேளுங்க."

எல்லாத் தலையும் மேனேஜர் பக்கம் திரும்பியது. அவர் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். பெரிய டிரம்மை நான் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது மச்சினன் வழியில் நின்றான்.

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"எனக்கு இதைத் தூக்கத்தான்டா தெரியும். கொஞ்சம் தள்ளிக்க."

தள்ளிக்கொண்டான். பிறகு, என்ன நினைத்தானோ, மேடைக்கு வந்து, அவள் உட்காரும் முக்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முன்னால் வெறும் தரை தெரிந்தது. வாசிப்பவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் கீழே இறங்கி ஓரத்து இருக்கையில் அமர்ந்தோம். கண்டக்டர் கோலைத் தூக்கினார்.

அடியிலிருந்து ஒரு தணிந்த சத்தம் கிளம்பியது. எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. அது நின்றது. அதன் மேல் இன்னொன்று வந்து நின்றது. எழுந்து போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். மடக்கு நாற்காலிகள் டப், டப் என்று மூடின. அன்றைய நிகழ்ச்சியில் டிரம்ஸ் சத்தம் என்று இருந்தது அது ஒன்றுதான். என் மனைவி இரண்டு கையையும் விரித்து மடியில் போட்டிருந்தாள். இருபது வருஷத்தில் பாட்டு நடக்கும்போது அந்தக் கை சும்மா இருந்து நான் கண்டதில்லை. இதை நடுவில் யாரும் நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான் கேட்டேன் கடவுளிடம். கைதட்டலைக் கேட்கவில்லை.

கடைசிச் சத்தத்தை, வாசிப்பவர்களால் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் பிடிக்கும்படி எழுதியிருந்தாள். வயலின்கள் பிடித்துக்கொண்டு நின்றன. சிலர் முடிந்துவிட்டது என்று கைதட்டி, முடியவில்லை என்று தெரிந்து நிறுத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவன், "போதும்டா சாமி!" என்று கத்தினான்.

அவள் திரும்பி, "இன்னும் இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கோல் இறங்கவில்லை. சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கேட்கிறதா இல்லையா என்று ஆயிற்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகுதான் கோல் இறங்கியது. இருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து தட்டினார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். இரண்டு மூன்று பேர் வாயில் கையை வைத்து ஊளையிட்டார்கள். அவள் எழுந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையை அசைத்தாள்.

பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். மேனேஜர் வந்தார். திரும்பக் கொடுத்த டிக்கெட்டுகளால் முகம் சுருங்கியிருந்தது.

"இன்னொரு தடவை இதைப் போட்டா நாலு பேருகூட வர மாட்டாங்க மேடம். சொல்லிட்டேன்."

"வர்ற நாலு பேருக்கும் கடைசி வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். தோளால் பெரிய டிரம்மை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.