ஐந்து எண்ணும் வரை

பல் ஆஸ்பத்திரியின் மாடியறையில் பீங்கான் பல் செய்கிற அந்த அம்மாளுக்குப் பல்லக்கா என்று பெயர். மரியாதையாக அக்கா என்கிறார்களா, பல்லக்கு என்று கேலி செய்கிறார்களா என்பதை அவள் விசாரித்ததில்லை. இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவள் செய்த பல்லைப் பக்கத்துப் பல்லே கூடப்பிறந்தது என்று நம்பிவிடும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து, உதட்டுச்சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக நிஜப் பல்லருகே பிடிப்பாள். மனதுக்குள் ஐந்து எண்ணுவாள். அதற்குள் நிறம் சேருகிறதா இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும். அதற்கு மேல் பார்த்தால் கண் அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். மடியிலுள்ள சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இவ்வளவு உஷாரான ஒருத்திக்குத்தான் இந்த வருடம் நிறம் சேரவில்லை என்று பற்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரே மாதத்தில் மூன்று. முதலில் குழல்விளக்கைத் திட்டினாள். பிறகு புதிதாக வந்த பீங்கான் பொடியை. நான்காவது பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு பல் டாக்டரே மாடியேறி வந்தார்.

"ஒருதடவை கண்ணைக் காட்டிட்டு வாங்கக்கா. அதுவரைக்கும் நிறம் பாக்குறதை வேற ஆளுகிட்ட குடுத்துக்கறேன்."

அவள் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நிறம் பார்க்காத பல்லக்காவுக்கு அந்த நாற்காலி எதற்கு?

கண் டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு கண்ணுலயும் புரை. உள்ள இருக்கிற லென்ஸ் பழுப்பேறிப் போச்சு. நீல வெளிச்சம் பாதிதான் உள்ள போகுது."

"எனக்கு எல்லாம் சரியாத்தானே தெரியுது?"

"தெரியும்மா. கொஞ்சங்கொஞ்சமா ஆனதால மூளை அந்த மஞ்சளைக் கழிச்சுக் கழிச்சு, வெள்ளைச் சுவரை வெள்ளைன்னே காட்டிட்டு வந்திருக்கு. ஆனா வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் உள்ள நுணுக்கமான வித்தியாசத்தை அதால காட்ட முடியாது. உள்ள வந்தாத்தானே காட்டும்?"

தன் மண்டைக்குள்ளேயே இருந்துகொண்டு தனக்கே காது குத்தியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கணவர் பஸ் கண்டக்டர். இரண்டு வருடத்துக்கு முன் டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் கம்பியில் மோதி முன்பல் உடைந்தது. புதுப் பல் செய்து கொடுத்தவள் இவள்தான். தன் வேலையிலேயே அதுதான் உசத்தி என்பது அவள் எண்ணம். மனிதர் மட்டும் அதன்பிறகு உம்மணாமூஞ்சியாகிவிட்டார். மகள் கல்யாணப் போட்டோவில் கூட வாயை இறுக மூடிக்கொண்டு நின்றதற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறார்.

"கண்ணுல கத்தி வைக்கிறதுன்னா பயமா இருக்குங்க. ஏடாகூடமா ஆயிட்டா என் வேலை என்னாகறது?" என்றாள் ஆபரேஷனுக்கு முதல் நாள்.

"நான் நிறம் பாத்துச் சொல்றேன், நீ செய்."

"உங்களுக்கு நீலத்துக்கும் பச்சைக்குமே தகராறு."

முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் துண்டின் வெள்ளை நீலம் போட்டது போல் தெரிந்தது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால், அதே துண்டு டீ கொட்டிய துண்டு. வீட்டுக்கு வந்தும் குழந்தை மாதிரி ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தார்.

பழக்கதோஷம், அவர் பல்லைப் பார்த்து அவள் எண்ணத் தொடங்கினாள். இரண்டைத் தாண்டவில்லை. வரிசைக்கு நடுவே ஒரு பல் மட்டும் பீங்கான் தட்டின் வெள்ளையில் தனியாக நின்றது. இடது கண்ணால் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறம்.

"ஏங்க சொல்லலை?"

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்குச் சேந்துதானே தெரிஞ்சுது. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. பல் டாக்டர்கிட்டயும் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டேன்."

இரண்டு வருடத் திட்டும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அவளால் அந்தப் பேச்சைக் கேட்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்குள் இரண்டாவது கண்ணும் முடிந்தது. மாடியறைக்குத் திரும்பியவள் முதல் வேலையாகக் கணவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

"வாயைத் திறங்க. நல்லாச் சிரிங்க."

அவர் சிரித்தார். அவள் மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினாள். நிறம் மூன்றிலேயே சேர்ந்துவிட்டது; ஐந்துக்குப் பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.