அம்மாயி எனக்கு மட்டும் சொன்ன தேதி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன ஆடி ஒன்றாம் தேதி, நாற்பத்தொன்பது வயசில், கையில் சுட்ட தேங்காயோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

காரணம்? எங்கள் அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவைப் பெற்றவளுக்கு, என்னைத் தவிர மற்ற பேரப்பிள்ளைகள் மேலும் பாசம் இருக்கிறதாம்... அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

எனக்குப் பத்து வயசு. முழுப்பரீட்சை லீவு. இளம்பிள்ளை என்கிற ஊர்ப் பக்கம் அம்மாயி வீடு. மாட்டுக்கொட்டகையில் சாணியும் ஊறிய பருத்திக்கொட்டையும் கலந்து ஒரு வாசம் அடிக்கும்... இன்றைக்கும் மூக்கிலேயே இருக்கிறது. எருமைக்குப் பின்னால் என்னை இழுத்துப்போய் அம்மாயி காதில் சொன்னாள்.

"சாமி, உனக்கு மட்டும் சொல்றேன். அம்மாயி பொறந்தது சித்திரை இருவது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. வெளிய தெரிஞ்சா எனக்கு ஆயுசு கொறஞ்சு போயிரும்."

அம்மாயியின் ஆயுசு என் கையில்! பத்து வயசுக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்கள்.

அந்த சித்திரை இருபதுக்கு பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஒரு ஜாம் பன் வாங்கி, மேலே தீக்குச்சியைச் செருகிக் கொளுத்தி நீட்டினேன். "ஊஃப்" என்று ஒரே ஊது. தீக்குச்சி அணைந்தது, என் புருவத்தில் எச்சில் தெறித்தது. சாட்சிக்கு எருமை மட்டும். அம்மாயி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் முப்பத்தொன்பது வருடம்... ஒரு சித்திரை இருபதை நான் தவறவிட்டதில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவேன். கல்யாண வீடுகளில் பெரியம்மா பிள்ளைகளையும் சித்தி பிள்ளைகளையும் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பாவம், ஒன்றும் தெரியாத ஜீவன்கள்...

போன ஆடி ஒன்றுக்கு அம்மாயி வீட்டில் எல்லோரும் கூடினோம். எங்கள் பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அவலும் போட்டு, நீளக் குச்சியில் செருகி நெருப்பில் காட்ட வேண்டும். ஓடு கருகக் கருக வாசலெல்லாம் மணக்கும்.

பெரியம்மா மகன் செல்வராசண்ணன்தான் ஆரம்பித்தான். ரிக் லாரியோடு வடக்கே போர்வெல் போடப் போகிறவன், மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவான்.

"அம்மாயிக்குத் தொண்ணூறு ஆச்சு. ஒரு மண்டபத்தப் புடிச்சு, பொறந்தநாள ஜாம்ஜாம்னு கொண்டாடிப்போடலாம். ஆடி பதினஞ்சுக்கு இன்னும் பதினாலு நாள்தான் இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி மகள் கோமதி, ஓமலூரில் டீச்சர், தப்பைத் திருத்துகிற குரலில் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, அம்மாயி பொறந்தது மார்கழி பன்னெண்டுங்க. எனக்கு மட்டும் சொன்னாங்க. வெளிய சொன்னா ஆயுசு கொறையும்னு..."

அண்ணன் கையிலிருந்த தேங்காய் குச்சியோடு நெருப்பில் விழுந்தது.

"உனக்கும் ஆயுசு கொறையும்னாங்களா?"

"சித்திரை இருபது" என்று நான் சொன்னது எலி கத்தியது மாதிரி வந்தது.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஹாஸ்டலில் படிக்கும் என் மகள், நான் பெற்ற மகள், மெதுவாகக் கேட்டாள்: "ம்மா... தை மூணு இல்லையா?"

அப்போதுதான் நான் பாத்ரூமுக்குப் போனது.

உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரிக் வண்டி ஊர் திரும்புவது ஆடியில். டீச்சருக்கு அரைப்பரீட்சை லீவு மார்கழியில். எனக்கு முழுப்பரீட்சை லீவு சித்திரையில். ஹாஸ்டல் பிள்ளைக்குப் பொங்கல் லீவு தையில். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள் எங்கள் நாலு பேர் லீவையும் வைத்து டைம்டேபிள் போட்டிருக்கிறாள்!

வெளியே வந்தேன். அம்மாயி தேங்காயைச் சுரண்டிச் சுரண்டி வெல்லத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாயி, இதுல எதுங்க நெசம்?"

"எது நெசமுன்னு எனக்கெப்புடித் தெரியும்? எங்காத்தா காட்டுல களை வெட்டையில என்னயப் பெத்தாளாமா. தேதி ஆரு பாத்தது? தேதியே இல்லாதவளுக்கு ஒண்ணு இருந்தா என்ன, நாலு இருந்தா என்ன?"

"செரி, எல்லாஞ்சேந்து ஒரு தேதிய முடிவு பண்ணலாம். மண்டபத்துக்குச் சொல்லோணும்" என்றான் அண்ணன்.

அம்மாயி முகம் சுண்டிவிட்டது. தேங்காயைக் கீழே வைத்தாள்.

"வேண்டாஞ் சாமி. நாலையும் ஒண்ணாக்கிப்போடாதீங்க. ஒரே நாள்ல எல்லாரும் வருவீங்க, ஒரே நாள்ல எல்லாரும் போயிருவீங்க. அப்பறம் வருசம் பூரா நான் ஆரு வாரான்னு பாத்துட்டு உக்காரறது?"

நெருப்பில் விழுந்த தேங்காய் "பட்" என்று வெடித்தது.

மண்டபம் ரத்து. அவரவர் தேதி அவரவருக்கே என்று முடிவானது. "தை மூணுக்கு நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். "அது அந்தப் புள்ளையோட நாளு. நீ உன்ற நாளுக்கு வா" என்றாள் கறாராக.

அப்போது ஜாம் பன்னும் தீக்குச்சியும். இப்போது போனில் தட்டினால் அம்மாயி போட்டோ போட்ட கேக்கே அவள் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. ஊதுவதில் மட்டும் மாற்றமில்லை. தொண்ணூறிலும் அதே ஒரே ஊதுதான்... வீடியோ காலில் பார்த்தேன்.

இந்தப் பதிவோடு போடலாம் என்று, சித்திரை இருபதுக்கு அம்மாயியோடு நான் நேரில் எடுத்துக்கொண்ட போட்டோவைப் போனில் தேடினேன். இருப்பதிலேயே புதுசு, ஏழு வருடத்துக்கு முந்தையது.