மடைக்காரர் உடைத்த அரக்கு முத்திரை

1923 ஜூன் 11. மடைக்காரர் நியமனம். மாதச் சம்பளம் ரூ. 7.
1928 மே 2. தேக்குப் பலகை ஆறு. ரூ. 31-8-0.
1928 மே 5. இரும்புக் கொக்கி இரண்டு. ரூ. 3-4-0.
1934 மார்ச் 31. மடைக்காரர் சம்பளம், கடைசி. ரூ. 9.
1934 ஏப்ரல் முதல். இல்லை.

இவை மேலப்புதூர் வெள்ள ஓடையின் கணக்குகள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் உள்ள ஊர் அது. மலையில் பெய்கிற மழை ஓடையாக ஊருக்குள் இறங்கும். நெசவாளர் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு கல்மடை. அதில் பலகைகளை இறக்கினால் தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். வெள்ளம் வந்தால் பலகைகளைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் சிற்றாற்றுக்கு ஓடிவிடும். தூக்காவிட்டால் தெருவுக்குள் ஏறும். நனைந்து ஊதிய பலகை கைக்கு அசையாது. கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்த வேலை கடற்கரை என்பவருடையது.

1934-ல், அதுவரை ஓடையைப் பார்த்துக்கொண்ட தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. சாலையும் ஓடையும் ஜில்லா போர்டுக்கா, ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கா என்பது பிறகு முடிவாகும் என்றார்கள். பொறுப்பு கைமாறும்போது சாமான் அறையைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, சணலால் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைப்பது வழக்கம். புதிதாகப் பொறுப்பேற்பவர்தான் வந்து உடைக்க வேண்டும். மடையருகே இருந்த அறைக்கும் அப்படியே வைத்தார்கள். பலகைகள் மடையில் இருந்தன. கொக்கிகள் அறைக்குள் இருந்தன. அதை யாரும் யோசிக்கவில்லை. உடைக்கவும் யாரும் வரவில்லை.

கடற்கரைக்குச் சம்பளம் நின்றது. சாரல் காலத்தில் அவர் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தார். மலையில் மேகம் கறுத்தால் மட்டும் மடைக்கு ஓடிவிடுவார். ஒரு வக்கீலுக்குப் பாதி முதுகு தேய்த்த நிலையில் போய்விட்டார் என்று புகார்கூட உண்டு.

அந்த வருஷம் அக்டோபர் 23 பகலில் ஓடை பெருகியது. தெருவில் எல்லாம் குழித்தறிகள், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு நெய்பவை. ராபியா என்ற நெசவாளி முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டார்:

“அண்ணாச்சி, தறிக்குழிக்குள்ள தண்ணி வந்துட்டு. பாவு நூலு நனைஞ்சா நாங்க எதைத் திங்க?”

“கொக்கி உள்ள கெடக்கு, தாயி. மேல சர்க்கார் முத்திரை இருக்கு.”

“முத்திரை வந்து தண்ணி எறைக்குமாக்கும்?”

கடற்கரையின் மனைவி தங்கத்தாய் பக்கத்தில் நின்றாள். “ஒடச்சா ஜெயிலு. போனா போகுது, அங்கன ரெண்டு நேரமும் கஞ்சி ஊத்துதானுவளாம். இங்கன அதுவும் இல்லயே” என்றாள்.

கடற்கரை ஒரு கல்லை எடுத்து முத்திரையை உடைத்தார். அடுத்த அடியில் பூட்டையும் உடைத்தார். கொக்கி போட்டுப் பலகைகளைத் தூக்கினார். தண்ணீர் சிற்றாற்றுக்குத் திரும்பியது. மூன்று தறிகள் மட்டும் கெட்டன.

மறுநாள் அரக்குத் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு பஞ்சாயத்து போர்டுக்கு வந்தார். நான் அங்கே குமாஸ்தா. தலைவர் நம்பிராஜன் முடிச்சைத் தொடவே இல்லை.

“இங்கேரும் வே, நான் உம்மை விசாரிச்சா மடை என்னுதுன்னு ஆயிரும். என்னுதுன்னு ஆனா ஓடைக்குக் கரையும் நான்தான் கட்டணும். ஜில்லா போர்டுக்குப் போரும்.”

ஜில்லா போர்டு ஓவர்சியர் பரமசிவன் சிரித்துவிட்டாராம். “முத்திரை தாலுகா போர்டுது. அந்த போர்டே இல்ல. இல்லாத போர்டுக்கு நீரு செஞ்ச குத்தத்த நான் எதுல எழுத?”

கடற்கரைக்கு ஜெயிலும் இல்லை, சம்பளமும் இல்லை. இரண்டு மழைக்காலம் கூலி இல்லாமலே பலகை தூக்கினார். சம்பளம் கேட்டுப் போட்ட மனுக்கள், ‘இவர் எம் ஊழியர் அல்ல’ என்று இரு இடங்களிலிருந்தும் திரும்பின. தெருக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு துண்டு நெய்து கொடுத்தார்கள். அதை அவர் மறுக்கவில்லை. ஆனால், “நான் யார் ஆளுன்னு ஒருத்தன் சொல்லணும்லா” என்பார். கண் மங்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய்த் தொழிலில் வாலிபர்கள் முந்திக்கொண்டார்கள்.

வழி சொன்னவர் ராபியாதான்.

“சம்பளம் கேட்டா எவன் தருவான்? தண்டனை கேளுங்க அண்ணாச்சி. அதக் குடுக்கதுன்னா எல்லாருக்கும் கை நீளும்.”

1937 ஜனவரியில் கடற்கரை என்னிடம் மனு எழுதச் சொன்னார். சர்க்கார் முத்திரையை உடைத்த தன்னை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை, விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நகல் பஞ்சாயத்து போர்டுக்கு, ஒன்று ஜில்லா போர்டுக்கு, ஒன்று தணிக்கை அதிகாரிக்கு. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தணிக்கை அதிகாரி மட்டும் விடவில்லை. முத்திரை உடைந்து இத்தனை நாள் குற்றப் பதிவு இல்லாதது எப்படி என்று ஜில்லா போர்டைக் கேட்டார். அங்கே பதிவு செய்தார்கள். பதிவு செய்ய ஓடையைத் தங்கள் பெயரில் ஏற்க வேண்டியிருந்தது, ஏற்றார்கள்.

ஜில்லா போர்டு அனுப்பிய கடிதத்தை நான் கடற்கரைக்கு வாசித்துக் காட்டினேன். ‘மேலப்புதூர் மடைக்காரர் கடற்கரைக்கு, முத்திரையை உடைத்ததற்காக எட்டணா அபராதம். அதை அவரது மாதச் சம்பளம் ஒன்பது ரூபாயில் பிடித்துக்கொள்ளவும்.’ நின்றுபோன நாட்களின் சம்பளம் பற்றி ஒரு வரியும் இல்லை.

“இன்னொரு தடவ வாசிங்க” என்றார். வாசித்தேன். “எட்டணாவ இந்த மாசமே பிடிச்சிருவாங்கல்லா?” என்று கேட்டுவிட்டு, மலைப்பக்கம் கறுத்திருந்ததால் மடைக்குப் போய்விட்டார்.

கடிதம் வந்த தேதி 1937 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை.