தொப்பியைக் கழற்றாமல் சொன்ன பொய்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அல்லாஹ் அறிந்ததை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

நெய்வேலியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை. மைன்ஸ் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று எலிகளை வைத்துப் பார்ப்பார்கள். மயக்கத்திலிருக்கும் எலிக்கு, செல்வி என்ற பெண் மெல்லிய குழாய் விட்டு, தூசி கலந்த நீரை இடது நுரையீரலில் மட்டும் இறக்குவாள். வலது சுத்தமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். நீர் வலப்பக்கம் வழிந்துவிடாமல், எலியைப் பத்து நிமிடம் இடப்பக்கமாகவே நான் படுக்க வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, செல்வி குழாயை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும், ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறதென்று பத்து நிமிடம் ஆவதற்குள் எலியைப் புரட்டிக் கூண்டில் விட்டு ஓடினேன். திரும்பியபோது அது செத்துக் கிடந்தது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அறுத்துப் பார்த்தார். இரண்டு நுரையீரலிலும் தூசி.

"குழாய எங்கம்மா வுட்ட?"

"சரியாத்தான் சார் வுட்டேன். பாய்தான் புடிச்சிக்கினு இருந்தாரு, கேளுங்க."

"பத்து நிமிஷமும் புடிச்சிருந்தேன் சார்," என்றேன். தலையில் தொழுகைத் தொப்பி அப்படியே இருந்தது.

செல்வி அதைப் பார்த்தாள். "தொழுதுட்டு வந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டாரு சார். என் கைதான் தவறியிருக்கும்."

அதோடு அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதை யாரிடமாவது சொன்னால், தொழுகை அவசரம் என்று எனக்காகப் பரிந்து பேசாதீர்கள். பொய் சொன்னான் என்றே சொல்லுங்கள்.