பெரியவள் எடுத்த சீட்டு

இரட்டைப் பிள்ளை பெற்றவளிடம் ஊர் பேசுகிற பேச்சுக்கு அளவே கிடையாது. "ஒரே செலவுல ரெண்டு" என்பார்கள், "ஒண்ணு எனக்குக் குடுத்துடேன்" என்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் பள்ளிக்கூடத்துக் குலுக்கலுக்கு எழுதிப்போட்ட பிறகு தெருவே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடு ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டையில். தெருமுனையிலேயே ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி அங்கே கொஞ்சம் இலவச இடம் உண்டு. எல்.கே.ஜி.யில் நுழைந்துவிட்டால் எட்டாவது வரை கவலையில்லை. எழுதிப்போட்டவர்கள் அதிகமானால் குலுக்கல். எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கும் எழுதிப்போட்ட வருஷம் பத்து இடம், எண்பது பிள்ளைகள்.

என் வீட்டுக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளிகள், "உனுக்கு இன்னா மாமே கவலை? ஊர்ல கீறவன்லாம் ஒரு சீட்டு போட்டுகினு கீறான், நீ ரெண்டு போட்டுக்கீற. சான்ஸ் டபுள்!" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வாயெல்லாம் பல்லாக வந்து என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம் புள்ளைங்க இன்னா லாட்டரிச் சீட்டா, ரெண்டுல ஒண்ணு உழுந்தா போதும்னு சொல்றதுக்கு?"

"இன்னாத்துக்கு இப்போ கத்துற? ஒண்ணாவது வரும்ல?"

"அந்த ஒண்ணுதான்யா எனுக்குப் பயமே."

அவருக்குப் புரியவில்லை. எனக்கு ராத்திரி பகல் வேறு நினைப்பே இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு ட்ரே நிறைய உதிரி பாகம் வரும். கைக்கு வந்த சிலதை எடுத்துச் சோதிப்போம். மீதியை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. குலுக்கலும் அதே மாதிரிதானே என்று ரயிலில் போகும்போது மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு பேருக்குமே கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு பேருக்கும் கிடைப்பது எழுபதில் ஒன்று. ஒருத்திக்கு மட்டும் கிடைப்பதோ ஐந்தில் ஒன்றுக்கும் மேலே! சேர்ந்து கிடைக்காமல் போனால் ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். ஒருத்திக்கு மட்டும் கிடைத்தால் இன்னொருத்தி முகத்தில் எப்படி முழிப்பேன்? பிறந்ததிலிருந்து ஒரே பாயில் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பிள்ளைகள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி தனக்கும் கஞ்சிதான் வேண்டும் என்பாள். பணம் கட்டி ஒருத்தியைச் சேர்க்க எங்களுக்கு வக்கு இல்லை.

பயம் வந்துவிட்டால் அப்புறம் கோயில்தானே? எங்கள் பக்கம் பூப்போட்டுப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூ ஒரு தாளிலும் வெள்ளைப் பூ ஒரு தாளிலும் மடித்து அம்மன் முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். சின்னவள் கூச்சக்காரி, என் முந்தானையை விட்டு வரமாட்டாள். பெரியவளை அனுப்பினேன். சிவப்பு வந்தது. மனசு கேட்கவில்லை, மறுநாளும் போனேன். மறுபடி சிவப்பு. அதற்கடுத்த நாள் வெள்ளை வந்தது. அதோடு விட்டிருக்கலாம். நிச்சயம்தானா என்று பார்க்க இன்னொரு நாளும் கூட்டிக்கொண்டு போனேன், திரும்பவும் சிவப்பு. பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "அம்மனுக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா?" என்றார். பெரியவளுக்கு மட்டும் ஒரே குஷி. மடித்த தாளைக் கண்டால் ஓடிப்போய்க் கையை நீட்டுவது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

குலுக்கல் நாள் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் ஃபேன் ஓடியும் வேர்த்து ஊற்றியது. அதிகாரி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பிளாஸ்டிக் பக்கெட், அதில் எண்பது பிள்ளைகளின் பெயரும் மடித்த சீட்டாகக் கிடந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காட்டிவிட்டு, "யாராவது ஒரு குழந்தை வந்து எடுக்கட்டும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். மற்றப் பிள்ளைகளெல்லாம் அம்மா பின்னால் பதுங்கின. என் கையை உதறிவிட்டுப் பெரியவள் ஒரே ஓட்டமாக மேஜைக்குப் போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு வேணாங்க, அது பேரும் உள்ள கீது" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார்.

"எல்லாப் பிள்ளை பேரும்தான் உள்ளே இருக்கு. யார் எடுத்தா என்ன?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

கூப்பிட்டு இறக்கிவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் முதல் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். யாரோ கை தட்டினார்கள். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் எங்கள் வீட்டுப் பெயர் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஏழாவது சீட்டில் சின்னவள் பெயர் வந்தது.

என் வீட்டுக்காரர் குதித்தே விட்டார். நாற்காலிமேல் நின்றுகொண்டு பெரியவளும் கை தட்டினாள். "எங்க பாப்பா! எங்க பாப்பா!" என்று எல்லோரிடமும் சொன்னாள். சில நிமிஷம் முன்னால் பிறந்ததற்கே தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

இன்னும் மூன்று சீட்டு. தாயே, இன்னும் ஒரே ஒரு தடவை, என் குழந்தை கையில் அவள் பெயரையே கொடு என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். எட்டாவது, வேறு பெயர். ஒன்பதாவது, வேறு பெயர். கடைசிச் சீட்டுக்குப் பெரியவள் கையை நன்றாக உள்ளே விட்டுத் துழாவினாள். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ், "ஒண்ணுதாம்மா" என்றதும் ஒன்றைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டாள். கையில் இருந்ததை வாசித்தார்கள். யாரோ ஒரு பையன். அவன் அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். திரும்ப உள்ளே விழுந்த சீட்டில் யார் பெயர் இருந்தது என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "அந்த சீட்டு வேணா. ரெண்டு பேரும் கவர்மென்ட் ஸ்கூலுக்கே போவட்டும்."

"உனுக்கு இன்னா மூளை கெட்டுப்போச்சா? வந்த சோத்த எட்டி ஒதைக்கிறியே!"

"பெரியவள நெனச்சியா நீ?"

"நெனைக்காமயா கீறேன்?" அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்குன்னு சின்னவளோடதையும் நாமளே புடுங்கிக்கணுமா? நாளைக்கு அவ கேட்டா இன்னா சொல்லுவ?"

மறுநாள் போய்ச் சின்னவளைச் சேர்த்துவிட்டு வந்தோம். பெரியவளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யில் விட்டோம். நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவள்தான், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் காலையில் ஒருத்தி தெருமுனைக்கும் இன்னொருத்தி லாரி போகிற ரோட்டுக்கும் பிரிந்து போகும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். எஸ்டேட்டில் போன் அடித்தாலே எந்தப் பள்ளிக்கூடமோ என்றுதான் எடுப்பேன். சாயங்காலம் சின்னவள் இங்கிலீஷ் பாட்டுப் பாடினால் பெரியவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அவளோ தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "நான்தான் எங்க பாப்பாவுக்கு ஸ்கூல் எடுத்துக் குடுத்தேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு. கடைப் பலகையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். போன வாரம் பெரியவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அன்னிக்கு அந்த பக்கெட்ல எம் பேரும் இருந்துச்சா?"

"இருந்துச்சு கண்ணு."

ரிப்பனைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அப்போ எனுக்குப் படிக்கத் தெரியாதுல்ல, அதான். இப்போ தெரியும். இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லுமா. எம் பேரப் பாத்து நானே எடுத்துடுறேன்."