எதிரே பச்சைக் கதவு, தட்டவும்

சாலையோரத்தில் தண்ணீர்ப் பானையைக் கண்டால் கார்த்திகேசனின் சைக்கிள் நின்றுவிடும். இறங்குவான். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பான். மறுபடி மூடிவிட்டு ஏறிப் போய்விடுவான். ஒரு வாய் குடிப்பது கிடையாது.

யாங்கோனின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில் அவன் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலையில் இது எல்லாருக்கும் தெரியும். தையல் வரிசை ஒன்றுக்கு மேற்பார்வை பார்க்கும் சத்யபாமா அக்கா ஒருநாள் வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, பானைக்குள்ள யாரைத் தேடுற? பொண்ணு கிண்ணு ஒளிச்சு வச்சிருக்கியா?”

“தண்ணி இருக்கான்னு பார்த்தேன் அக்கா.”

“பானைன்னா தண்ணி இருக்கும். இது தெரியாமலா டிகிரி வாங்குன?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். பானை என்றால் தண்ணீர் இருக்கும் என்றுதான் அவனும் ஒரு காலத்தில் இருந்தான். அந்த நம்பிக்கையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போர்த்துகல் நாட்டு மலைக்கிராமம் ஒன்று. அந்தக் கிராமத்தில் அவன் கால் வைத்ததேயில்லை.

யாங்கோனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில், சௌக்தான் ஊரும் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது அவன் பிறந்த ஊர். தினம் ஒன்பது மைல் சைக்கிள் மிதித்துப் போய்ப் புவியியல் படித்தான். அந்த வீட்டில் பட்டமளிப்பு அங்கி போட்ட முதல் ஆள் அவன்தான். அப்பா ரெங்கசாமி அந்த அங்கியோடு எடுத்த படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டினார்.

பட்டத்தோடு யாங்கோனுக்கு வந்தவனுக்கு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நண்பன் அஜ்மலின் அறை கிடைத்தது. கீழே அஜ்மலின் மாமி வைத்திருந்த மளிகைக் கடை, மேலே நாலு கம்ப்யூட்டர், ஒரு பேட்டரி. ரயில் போனால் மேசை ஆடும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இணையம் வழியாக வேலை செய்து கொடுப்பது அஜ்மலின் தொழில். அப்படி வந்ததுதான் துவார்த்தேயின் வேலை. துவார்த்தே போர்த்துகல்காரர், சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வழிக்குறிப்பு எழுதித் தரும் சின்ன நிறுவனம் நடத்தினார். எங்கே திரும்புவது, எவ்வளவு ஏற்றம், எந்த ஊரில் கோட்டை, எங்கே சாப்பாடு, எங்கே தண்ணீர் என்று மீட்டர் கணக்கில் எழுத வேண்டும். செயற்கைக்கோள் படமும் தெருப்படங்களும் இருந்தால் எங்கிருந்தும் எழுதலாம் என்றார். கார்த்திகேசனை ‘மின்’ என்றே அழைத்தார். பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயரில் பாதி அது.

ஊருக்குப் போன் பண்ணி விவரத்தைச் சொன்னபோது அப்பாவுக்கு நம்ப முடியவில்லை.

“நீ காலே வைக்காத மண்ணு. நீ சொல்லுற வழியில ஆளுங்க போறாங்களா?”

“போறாங்கப்பா.”

“திரும்பி வந்துடுறாங்களா?”

வந்துகொண்டுதான் இருந்தார்கள். மற்றவர்கள் எழுதிய குறிப்பில் இல்லாதது அவன் குறிப்பில் இருந்தது. ஒன்பது மைல் மிதித்தவனுக்குத்தான் தெரியும், மேட்டின் உச்சியைவிட அதற்கு முந்தைய மர நிழல் முக்கியம் என்று. “தேவாலயத்தைத் தாண்டி ஒரு கருவாலி மரம். சைக்கிளைச் சாத்த மதில் உண்டு” என்று எழுதுவான். “கல் பாவிய தெரு. வீரம் வேண்டாம், இறங்கித் தள்ளவும்” என்பான். துவார்த்தே அதையெல்லாம் அப்படியே அச்சடித்தார்.

ஏற்றம்தான் தொல்லை கொடுத்தது. சமவெளியில் வளர்ந்தவனுக்கு ஒன்பது சதவீத ஏற்றம் என்றால் தொடைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஜ்மலைக் கேரியரில் உட்கார வைத்துத் தான்லினில் பகோடா மேட்டில் மிதித்துப் பார்த்தான்.

“நான் என்ன அரிசி மூட்டையாடா?”

“டூரிஸ்ட்டோட பை நீ, பாய். அசையாம இரு.”

“பை பேசாதுடா. நான் பேசுவேன். இடுப்பு போச்சு!”

பாதி மேட்டில் இருவரும் விழுந்தார்கள். அன்று ராத்திரியே நாலு ஊர்களின் குறிப்பில் ‘சிரமம்’ என்றிருந்ததைக் ‘கடும் சிரமம்’ என்று மாற்றினான்.

இரண்டாவது ஆண்டு ஜூலையில் அது நடந்தது. ஹெலேன் என்ற அறுபத்தொரு வயது டச்சுக்காரப் பெண்மணி அவனுடைய குறிப்போடு தனியாக மலைப்பக்கம் போயிருந்தார். அங்கே அந்த வாரம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. அங்கு உச்சிப்பொழுது, இங்கு மாலை ஐந்தரை. பயணிகள் உதவி கேட்கும் எண்ணை அந்த நேரத்தில் கவனிப்பது கார்த்திகேசன்தான். செய்தி வந்தது.

“மொந்தால்வு கிராமத்து ஊற்றில் தண்ணீர் இல்லை. குழாய் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. என் இரண்டு பாட்டிலும் காலி. தெருவில் ஒரு ஆள் இல்லை. அடுத்த தண்ணீர் எங்கே?”

அவன் குறிப்பைத் திறந்தான். ‘மொந்தால்வு சதுக்கம். கல் ஊற்று. தண்ணீர் உண்டு.’ அவனே எழுதியது. அடுத்த தண்ணீர் பதினாலு கிலோமீட்டர் தள்ளி, முந்நூற்று நாற்பது மீட்டர் உயரத்தில். அந்த வெயிலில், அந்த வயதில், வெறும் பாட்டிலோடு.

‘கிளம்ப வேண்டாம். நிழலில் இருங்கள். எந்த வீட்டுக் கதவையாவது தட்டுங்கள்’ என்று தட்டச்சு செய்தான். அனுப்பும் பொத்தானை அழுத்திய நொடியில் மின்சாரம் போனது. பேட்டரியும் காலையிலேயே தீர்ந்திருந்தது. போனில் எடுத்து அனுப்பினான். செய்தியின் பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நின்றது. போனதற்கான கோடு விழவில்லை. துவார்த்தேக்கும் அனுப்பினான். அதற்கும் அதே குறிதான்.

“நெட்டும் படுத்துடுச்சு” என்றான் அஜ்மல். “இருடா, ஒண்ணும் ஆவாது.”

“நான் எழுதுனத நம்பித்தான பாய் போச்சு அந்தம்மா.”

அஜ்மல் எழுந்தான். கீழே போய்த் தேநீர் வாங்கி வந்தான். அது ஆறிப் பாலாடை கட்டியது. கார்த்திகேசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஊரில் அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய படம் நினைவுக்கு வந்தது. பட்டம் வாங்கியவன் எழுதிய ஒரு வரி. அதில் பொய் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், அதைத் தொடர்ந்து தெரு முழுக்கக் கூச்சல்: “மீ லா பீ! மீ லா பீ!” மின்சாரம் வந்தால் யாங்கோன் தெருக்கள் போடும் சத்தம் அது. கம்ப்யூட்டர் விழித்தது. செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக ஒரு படம்: மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர், பக்கத்தில் வெட்டிய முலாம்பழம், பின்னால் பச்சை வர்ணம் அடித்த கதவு. “தட்டினேன். திறந்தார்கள்” என்று ஹெலேன் எழுதியிருந்தார்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.

அடுத்தாற்போல் துவார்த்தேயின் செய்தி. ஒரே ஒரு கேள்விதான்: ‘தண்ணீர் உண்டு என்று எதை வைத்து எழுதினாய்?’

“படம் பழசுன்னு எழுதிடு” என்றான் அஜ்மல். “படம் எடுத்தவன் தலையில போடு. வேலை மிஞ்சும்.”

“படத்துல தண்ணியே தெரியல பாய். கல்லுதான் தெரிஞ்சுது.”

“அப்புறம் எதுக்குடா உண்டுன்னு எழுதுன?”

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவன் துவார்த்தேக்கு எழுதினான். எங்கள் நாட்டில் வழிப்போக்கர்களுக்காகச் சாலையோரம் சின்ன வீடு மாதிரி மரத்தட்டி கட்டி மண்பானை வைப்பார்கள், குவளையும் கவிழ்த்து வைப்பார்கள், யேஓசின் என்று பெயர். பக்கத்து வீட்டில் யாராவது காலையில் அதை நிரப்பிவிடுவார்கள். நான் ஒன்பது மைல் போகிற வழியில் ஒருநாளும் அதில் தண்ணீர் இல்லாமல் இருந்ததில்லை. உங்கள் ஊர் ஊற்றைப் பார்த்ததும், வழியில் இருப்பதால் தண்ணீர் இருக்கும் என்றே நினைத்துவிட்டேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது என் தவறு.

மறுநாள் பதில் வந்தது. ‘நூற்று நாற்பத்து மூன்று ஊற்றுகளை எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றையும் கேட்டு எழுது. போன் செலவு என்னுடையது. மொழிக்கு நான் கூட இருக்கிறேன்.’

அடுத்த மூன்று மாதம் மாதிரி ஒரு காலம் அவனுக்குப் பிறகு வாய்க்கவில்லை. படமாக மட்டும் தெரிந்த ஊர்கள் பேச ஆரம்பித்தன. காப்பிக்கடையில், ரொட்டிக்கடையில், கிராம அலுவலகத்தில் யாரோ போனை எடுப்பார்கள். “தெங் ஆக்வா?” தண்ணீர் இருக்கிறதா என்று அவனே கேட்பான், பதிலைத் துவார்த்தே சொல்வார். பின்னால் கோழி கத்தும், மணி அடிக்கும், யாரோ யாரையோ திட்டுவார்கள். பர்மாவிலிருந்து ஒருத்தன் எங்கள் குழாயைப் பற்றிக் கேட்கிறான் என்று கடையே சிரிக்கும். இருபத்தொன்பது ஊற்றுகள் வற்றியிருந்தன. அவற்றுக்கு மட்டும் இன்னொரு கேள்வி கேட்டான்: “அப்படியென்றால் யார் வீட்டில் தருவார்கள்?”

மொந்தால்வுவில் பச்சைக் கதவுக்காரியான லூர்தெஸ் அம்மாளே பேசினார். ஊற்று வற்றிப் பதினோரு வருடமாம். “என் கதவை எழுதிக்கொள்ளட்டும்” என்றார். “ஞாயிறு காலையில் மட்டும் வேண்டாம், நான் பூசைக்குப் போய்விடுவேன்.”

அப்படியே எழுதினான். ‘ஊற்று வற்றியது. எதிரே பச்சைக் கதவு, தட்டவும். ஞாயிறு காலை ஆள் இராது.’

போன வருடம் துவார்த்தே வயதாகிவிட்டது என்று நிறுவனத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்கு ஆள் எழுதும் குறிப்பு தேவைப்படவில்லை. அஜ்மல் மலேசியாவுக்குப் போனான். கார்த்திகேசனுக்கு ஷ்வேப்யிதாவில் தொழிலாளர் பேருந்துகளுக்கு வழி போடும் வேலை கிடைத்தது. பேருந்து என்றாலும் எல்லாருக்கும் அது ஃபெரிதான். எந்த முனையில் எத்தனை மணிக்கு யார் ஏறுவது என்று பட்டியல் போட வேண்டும். ஒரு முனையையும் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுவதில்லை. சைக்கிளில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். ஆற்றுக்கு மறுகரையில் உள்ள லைங் தாயா பக்கம் போக ஷ்வேப்யிதா பாலம் ஏறும்போது, கால் தானாக ஏற்றத்தின் சதவீதத்தைச் சொல்லும். பாலத்தின் உச்சியில் காற்று முகத்தில் அடிக்கும் ஒரு நொடி, ஆறு மறைந்து, கருவாலி மரமும் வெள்ளை மதிலும் வந்து போகும். மின்சாரம் இருக்கும் நாட்களில் மொந்தால்வுவின் தெருப்படத்தைத் திறப்பான். புதுப்படம் இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதே வெயில், அதே ஆளில்லாத சதுக்கம், அதே பச்சைக் கதவு.

இந்த ஏப்ரலில், லைங் தாயாவில் புதிதாகச் சேர்த்த முனை ஒன்றில் பானை மூடியைத் தூக்கினான். அடியில் காய்ந்த பாசி மட்டும் இருந்தது. நிரப்பிக்கொண்டிருந்த குடும்பம் வீடு மாறிப் போய்விட்டதாம். பின்னால் இருந்த கதவைத் தட்டினான்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஃபெரி பட்டியலை ஒட்டினான். சத்யபாமா அக்கா விரல் வைத்துப் படித்தாள்.

“‘நாலாவது முனை. அஞ்சே முக்கால். பானை காலி. பின்னால தகரக் கதவு, தட்டவும்.’ ஏன் தம்பி, பஸ் பட்டியல்ல தண்ணிக்கு என்ன வேலை?”

“இருக்கட்டும் அக்கா. கேட்டுட்டுத்தான் எழுதுனேன்.”